கண்ணாடியை மூடு

கார் ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரியணும். பின்னால் உட்கார்ந்து வருகிறவளுக்குக் கால் விறைக்காமல் இருக்கணும். அந்தக் காலத்தில் இந்த இரண்டும் ஒரே காரில் ஒரே நேரத்தில் கிடைத்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாவற்றையும் இறுக மூடி உள்ளே கொஞ்சம் கதகதப்பு வந்தால், விடுகிற மூச்செல்லாம் முன்கண்ணாடியில் போய் ஒட்டி, ஒட்டின இடத்திலேயே உறைந்து, வெள்ளைச் சுவராக நிற்கும். சரி, பாதை தெரியட்டும் என்று கண்ணாடியின் மேல்பாதியைத் தள்ளித் திறந்தால், மூக்கு கழன்று மடியில் விழுந்துவிடும் போலக் குளிர் அடிக்கும். மின்னசோட்டாவின் வடகோடியில், இரும்புச் சுரங்கத்தை நம்பிக் குடியேறிய பின்லாந்துக்காரர்களிடையே, இந்தக் கண்ணாடியால் வசந்தகாலம் வரை பேச்சுவார்த்தை நின்றுபோன புருஷன் பெண்டாட்டிகள் உண்டு.

சைமாவும் அர்வோவும் அப்படி நிறுத்திக்கொள்கிற ரகம் இல்லை. அவர்கள் சண்டையெல்லாம் காபி கொதிக்கிற வரைக்கும்தான். அர்வோ சுரங்கத்துப் பட்டறையில் தகரம் வெட்டி மடக்குகிறவன். பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்திய அன்றைக்கு, "இதென்ன, சக்கரம் வெச்ச அலமாரியா?" என்று சைமா கேட்டாள். மூடின கார்தான், ஆனால் பேர்தான் மூடினது. கதவு இடுக்கு, தரைப்பலகை இடுக்கு, ஜன்னல் இடுக்கு என்று எல்லா இடத்திலும் காற்று சீட்டியடித்துக்கொண்டு வரும். முதல் குளிர்காலம் முழுக்க, சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பில் கல்லைச் சுட்டுப் பேப்பரில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு, குதிரைக் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் போனார்கள். கடைவீதி போய்ச் சேருவதற்குள் கல் செத்துவிடும். கண்ணாடிக்கு, உப்பை முடிந்த துணி மூட்டை. அதை நனைத்துத் தேய்த்தால் கொஞ்ச தூரம் பனி பிடிக்காது. பக்கத்து வீட்டு ஓஸ்கரி ஒரு தடவை பெரிய மூளைக்காரன் மாதிரி, கண்ணாடிக்கு அடியில் மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்தான். கண்ணாடிப் பனியில் காசு அகலத்துக்கு ஒரு ஓட்டை விழுந்தது. குனிந்து பார்த்த அர்வோவின் மீசையில் பாதி போயிற்று.

"கார்ல போறதுக்கு நாய்வண்டி எவ்வளவோ தேவலை. நாய்க்காவது உடம்புல சூடு இருக்கு" என்று அன்றைக்குச் சைமா சொன்னது அர்வோவுக்கு எங்கேயோ சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஆள் ராத்திரி பகலாகக் காருக்கு அடியிலேயே கிடந்தான். என்ஜினிலிருந்து புகை வெளியே போகிற இரும்புக் குழாய் இருக்கிறதே, கை வைத்தால் தோல் உரியும், அந்தச் சூடெல்லாம் வீணாகத்தானே போகிறது? அதைச் சுற்றித் தகரத்தால் ஒரு சட்டை போட்டான். காற்றாடி தள்ளுகிற காற்று அந்தச் சட்டைக்குள் நுழைந்து, குழாயை உரசிச் சூடேறி, இன்னொரு தகரக் குழாய் வழியாகத் தரைக்கு அடியில் ஓடி, பின்சீட்டின் காலடியில் வந்து திறக்கும். திறக்கிற இடத்தில் சல்லடை மாதிரி இரும்பு மூடி. காலால் தள்ளினால் திறக்கும், காலால் இழுத்தால் மூடும். நகரத்துக் கடைகளில் இப்படிச் சாமான் விற்கத்தான் செய்தார்கள். ஆனால் அவையெல்லாம் ஓட்டுகிறவனின் காலைத்தான் சுடவைக்கும். அர்வோ தன் காலைப் பற்றி யோசிக்கவே இல்லை, பின்சீட்டுக்கே குழாயை இழுத்துவிட்டான்.

மிச்ச வேலையைச் சைமா செய்தாள். குளிர்காலம் வருமுன் வீட்டு ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு அடைத்து, மேலே மாவுப் பசை தடவிக் காகிதப் பட்டை ஒட்டுவது அவர்கள் வழக்கம். வசந்தத்தில்தான் பிய்ப்பார்கள். அதே பசை, அதே பட்டை. காரின் பின்ஜன்னல்கள், தரைப்பலகை இடுக்குகள், பயன்படாத இடப்பக்கக் கதவு, எதையும் விடவில்லை. ஒட்டி முடித்துவிட்டு உள்ளே உட்கார்ந்து, ஈர விரலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஊசி முனையளவு காற்றுக்கூட இல்லை.

"இப்போ சொல்லு, அலமாரியா?" என்றான் அர்வோ.

"இல்லப்பா, அரமனை" என்றாள் சைமா. அவர்களுடைய ஒரே பெண் தைமி, ஆறு வயசு, பின்சீட்டில் ஏறிக் குதித்து, "நான்தான் ராணி, நீங்க ரெண்டு பேரும் எறங்குங்க" என்றாள்.

ஜனவரியில் தைமிக்குக் காதுவலி வந்தது. காதுவலி எந்தக் குழந்தைக்கு வரவில்லை? உப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தார்கள், வெங்காயச் சாறு விட்டார்கள். சூடு பட்டால் கொஞ்சம் தணியும், சூடு ஆறினால் மறுபடி கத்துவாள். அப்புறம் ஜுரம் வந்தது. அப்புறம் ஒரு காலையில் காதுக்குப் பின்னால் எலும்பு மேல் சிவப்பாகப் புடைத்து, காதே முன்பக்கம் தள்ளி நின்றது. அதைப் பார்த்ததும் சைமா கம்பளிகளை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். தெற்கே பெரிய சுரங்க நகரத்தில்தான் ஆஸ்பத்திரி. நல்ல கோடையிலேயே அரைநாள் பாதை.

வெளியே மரமெல்லாம் பட்பட்டென்று வெடிக்கிற குளிர். வெந்நீர் காய்ச்சி ரேடியேட்டரில் ஊற்றி, என்ஜினுக்கு அடியில் தணல் சட்டி வைத்து, முகப்பில் அட்டையைக் கட்டி, ஓஸ்கரியும் அர்வோவும் மாறி மாறி ஹேண்டில் சுற்றினார்கள். ஓஸ்கரியின் மனைவி ஹில்யா, ஏழு மாச வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஏலக்காய் ரொட்டியும் கம்பளிக் காலுறையும் கொண்டுவந்தாள்.

"இந்தா, காபி குடிச்சிட்டுப் போயேன், சைமா."

"காபியா இப்போ? வந்து குடிச்சிக்கறேன், போடி."

"ஒங்க வண்டியில போறதுக்காகவே எனக்கும் ஏதாவது நோவு வரக்கூடாதான்னு இருக்கு" என்று ஹில்யா சிரிக்கப் பார்த்தாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே தரையில் மெத்தை போட்டுத் தைமியைப் படுக்கவைத்தார்கள். நோவெடுத்த காது அந்த இரும்பு மூடிப் பக்கமாக இருக்கட்டும், சூடு நேராகப் படட்டும் என்றாள் சைமா. அப்படியே திருப்பிப் படுக்கவைத்தாள். தலையணையை அவளே நகர்த்தி வைத்தாள்.

ஏரிக்கரை தாண்டுவதற்குள் கார் உள்ளே சூடு ஏறிவிட்டது. தகரம் காய்ந்த வாடையும் எண்ணெய் கருகின வாடையும் கொஞ்சம் வந்தது. புதுத் தகரம், முதலில் அப்படித்தான் இருக்கும் என்றான் அர்வோ. தைமி அழுகையை நிறுத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, சவுனா மாதிரியே இருக்கு" என்றாள்.

"ஆமாண்டா கண்ணு. அப்பா ஒனக்காகப் பண்ணினது."

கொஞ்ச தூரம் போனதும் அர்வோவின் முன்னால் கண்ணாடி வெளுக்க ஆரம்பித்தது. முதலில் ஓரங்களில் பாசி மாதிரி, பிறகு நடுவில். உப்பு மூட்டையால் தேய்த்தான். சின்னக் கத்தியால் சுரண்டினான். சுரண்டின பொடி அவன் மடியில் கொட்டியது. சுரண்டின இடம் மூன்று மூச்சுக்குள் மறுபடி வெளுத்தது. வேறு வழியில்லாமல் கண்ணாடியின் மேல்பாதியை ஒரு கை அகலம் தள்ளித் திறந்தான். குளிர் உள்ளே பாய்ந்தது. தைமி வீல் என்று கத்தினாள்.

"கண்ணாடியை மூடு அர்வோ!"

"மூடினா எனக்குப் பாதை தெரியாது, சைமா."

"புள்ள கத்துறது தெரியுதா? அது போதும். மூடு!"

"தெரியாம ஓட்டி ஏரிக்குள்ள விடவா?"

"நீ தகரம் மடக்கத்தான் லாயக்கு. ஒரு கண்ணாடியத் தொடைக்க வக்கில்ல. மூடுங்கிறேன்ல!"

அவன் மூடினான். முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கும் ஒரு கையால் கத்தியுமாக, நத்தை வேகத்தில் ஓட்டினான். தாங்க முடியாதபோது மறுபடி திறப்பான். திறந்தால் குழந்தை கத்துவாள், குழந்தை கத்தினால் சைமா கத்துவாள், மூடுவான். இப்படியே எத்தனை தடவை என்று கணக்கில்லை. பின்னால் உட்கார்ந்து சைமாவால் செய்ய முடிந்தது என்ன? குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுக்கலாம், புருஷனைத் திட்டலாம். இரண்டையும் விடாமல் செய்தாள்.

கடைசியில் தைமியின் அழுகை முனகலாக இறங்கியது. முனகல் மூச்சாக இறங்கியது. சைமா குனிந்து பார்த்தாள். ரெண்டு நாளாகச் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. கன்னம் ரெண்டும் காட்டுப்பழம் மாதிரி சிவந்து, உதடு சிவந்து, அத்தனை அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அர்வோ, தூங்கிட்டா! வலி விட்டுடிச்சி. மூஞ்சியில கலை வந்திருக்கு பாரு!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க முடியாது. ஆனால் அவன் தோள்கள் தணிந்ததைப் பின்னாலிருந்து சைமா பார்த்தாள். "சூடுதான் மருந்து" என்றான். அந்தக் குரலில் இருந்த பெருமையை அவள் சாகிற வரைக்கும் மறக்கப்போவதில்லை.

அதற்கப்புறம் அவன் ஒரே ஒரு தடவைதான் திறக்கப் போனான். "சும்மா ஒரு விரக்கடை, சைமா. தல கிர்ருங்குது, கொஞ்சம் காத்து வரட்டும்."

"இப்பத்தான் தூங்கியிருக்கா. எழுப்பிவிட்டா அப்பறம் நீதான் சமாதானம் பண்ணணும், ஆமா."

சைமாவுக்கும் தலைவலிதான். பொட்டில் சம்மட்டி அடிக்கிற மாதிரி. காலையில் காபி குடிக்காததுதான் காரணம் என்று நினைத்தாள். பொறந்த நாளிலிருந்து காபி குடிக்கிற ஜனம், ஒரு வேளை தவறினால் மண்டை பிளக்கும்தான். குமட்டிக்கொண்டு வந்தது. அதுவும் வெறும் வயிறு என்று நினைத்தாள்.

மலைத்திருப்பத்தில் பாதை தெரியாமல் காரின் மூக்கு பனிக்குவியலில் ஏறி நின்றது. அர்வோ இறங்கி மண்வாரியால் தோண்டினான். என்ஜினை நிறுத்தவில்லை. அந்தக் குளிரில் நிறுத்தினால் மறுபடி உயிர் வராது. சூடும் நின்றுபோகும். கார் உறுமிக்கொண்டே நின்றது. சைமா உள்ளே குழந்தையோடு இருந்தாள், கதவை அவன் திறந்த வேகத்தில் மூடச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவளால் தாங்க முடியவில்லை. வெளியே இறங்கிப் பனியில் மண்டிபோட்டு வாந்தி எடுத்தாள். வெளிக்காற்றில் தலை லேசானது. குழந்தைக்குக் குளிரும் என்று, இறங்கும்போதே கதவை இறுகச் சாத்திவிட்டுத்தான் இறங்கியிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில், "ராணியம்மா, வந்தாச்சு, எந்திரி" என்று அர்வோ குனிந்து அள்ளினான். தலை தொங்கியது. தொங்கின தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "தூக்கக் கலக்கம்" என்றான் சைமாவைப் பார்த்து. அவளும் ஆமாம் என்றாள்.

டாக்டர் காதைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் புடைப்பை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். எலும்பில் சீழ் பிடித்து மூளைக்கு ஏறிவிட்டது, முன்னமே கொண்டுவந்திருக்கணும் என்றார். அவர் பேசின இங்கிலீஷில் பாதிதான் அவர்களுக்குப் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாயிருந்தது. தைமியைத் திரும்ப அதே மெத்தையில் படுக்கவைத்துக்கொண்டு வந்தார்கள். வரும்போது முன்கண்ணாடி முழுசாகத் திறந்திருந்தது. மூடச் சொல்ல யாரும் இல்லை.

அவர்கள் ஜனத்தில் பிள்ளை பிறப்பதும் சவுனாவில்தான், செத்தவர்களைக் குளிப்பாட்டுவதும் சவுனாவில்தான். தைமியும் அங்கேதான் பிறந்தாள். ஹில்யா வெந்நீர் வாளியை வாசல் வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வயிற்றில் பிள்ளை வைத்திருப்பவள் பிணத்தின் முகத்தைப் பார்க்கக்கூடாது. "நான் உள்ள வரலடி, கோவிச்சிக்காத" என்று கதவுக்கு வெளியிலிருந்தே அழுதாள். அதனால் சைமா தனியாகத்தான் குளிப்பாட்டினாள்.

ஜன்னல் வெளிச்சம் பெஞ்சில் விழுந்தது. கம்பளியை விலக்கினாள். அப்படியே நின்றாள்.

குழந்தை இன்னும் சிவப்பாகவே இருந்தாள்.

செத்து இத்தனை நேரமாகியும் கன்னத்தின் சிவப்பு போகவில்லை. உதடு வெளுக்கவில்லை. நகக்கண் ரோஜா நிறமாக இருந்தது. திருப்பிப் போட்டால் முதுகெல்லாம் பழச்சாறு பூசின மாதிரி இருந்தது.

அந்த நிறத்தைச் சைமா பார்த்திருக்கிறாள். பின்லாந்தில், அவள் சின்னப்பெண்ணாக இருந்தபோது, பக்கத்துப் பண்ணையில் வேலைக்காரன் ஒருவன் சூடு போய்விடக்கூடாதென்று சவுனா அடுப்பின் புகைவழியை முன்னாடியே மூடிவிட்டு உள்ளே படுத்தான். காலையில் தூக்கிக்கொண்டு வந்தபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிவந்திருந்தான். தணலின் மேல் நீலச் சுடர் ஆடுகிற வரைக்கும் புகைவழியைத் தொடாதே. தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கிற பாடம் இது. அந்தச் சுடர் விடுகிற விஷக்காற்றுக்கு நிறமில்லை, வாசனையில்லை, தலைவலிதான் அது வந்ததற்கு அடையாளம். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் தூக்கம். நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். சைமாவுக்குத் தெரியாதா? வீட்டு அடுப்பில் தெரியும், சவுனா அடுப்பில் தெரியும். ஆனால் காருக்குள் அடுப்பு இருக்கிறது என்று யார் நினைத்தார்கள்? என்ஜினும் தீதான், அதன் புகைக்குழாயில் எங்கேயோ மயிரிழை விரிசல், அதைச் சுற்றித் தகரச் சட்டை, சட்டையிலிருந்து நேராகக் குழந்தையின் தலைமாட்டுக்கு வழி. மிச்ச வழியையெல்லாம் அவளே பசை போட்டு ஒட்டியிருந்தாள்.

காதில் சீழ் இல்லையா? இருந்தது. மூளைக்கு ஏறியிருக்குமா? இருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு உயிரோடு கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாளா? யாரைக் கேட்பது? சைமா துணியை நனைத்துப் பிழிந்தாள். நனைத்துப் பிழிந்தாள். அந்தச் சிவப்பு துடைத்தால் போகிற சிவப்பு இல்லை.

வெளியே வந்தபோது அர்வோ வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். "என்னாலதான், சைமா" என்றான். "நீ தலபாடா அடிச்சிக்கிட்ட. நான்தான் கேக்கல. கண்ணாடியத் தெறந்து தெறந்து குளிர உள்ள விட்டேன். நான்தான் அவளக் கொன்னுட்டேன்."

சைமா வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? நீ திறந்ததுதான் சரி என்றால், அவன் மடக்கிய தகரம்தான் கொன்றது என்று ஆகிறது. சொல்லாவிட்டால் செய்யாத குற்றத்தைச் சுமக்கிறான். இந்தப் பக்கம் போனால் அடி, அந்தப் பக்கம் போனால் உதை. "அழாத" என்றாள்.

வாரங்கள் போயின. அர்வோ பேச்சை விட்டான், சாப்பாட்டை விட்டான். ஒரு நாள் ஓஸ்கரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "கேக்கக் கூடாதுதான், ஆனா வேற ஆளு இல்ல. ஹில்யாவுக்கு நீர் கோத்துக் காலெல்லாம் வீங்கிக் கெடக்கு, இந்தத் தடவ சவுனாவுல வேணாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு மருத்துவச்சி சொல்லிட்டா. நேரம் வந்தா ஒன் வண்டியில..."

அர்வோவின் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் உயிர் வந்தது. "கொண்டு போறேன். இந்தத் தடவ ஒரு பொட்டுக் குளிரு உள்ள வராது, பாத்துக்க" என்றான். அன்றைக்கே காருக்கு அடியில் போய்ப் படுத்தான். முன்னைவிடப் பெரிய சட்டை, முன்னைவிட அகலக் குழாய். தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ராத்திரி ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டான். சைமா அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். தினமும் நாளைக்கு என்றே நினைத்தாள்.

"அந்தச் சூட்டுப்பெட்டி வேணாமே, அர்வோ" என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள்.

"ஏன்?"

"சும்மாதான். கல்லு போதாதா?"

"கல்லு போதாதுன்னுதானே பண்ணினேன்" என்றான். அவன் கண் கலங்கியதும் அவள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

பனி உருகுவதற்கு முன்னாலேயே ஹில்யாவுக்கு வலி எடுத்துவிட்டது. மத்தியானம். வெயில் அடித்தது, ஆனால் பல்லைக் காட்டுகிற வெயில், சூடு கிடையாது. ஓஸ்கரி வேலியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தான். அர்வோ ஓடிப்போய் என்ஜினைக் கிளப்பினான். "சைமா, பின்ஜன்னல்ல பட்ட பிஞ்சிருக்கு. பச காச்சி எடுத்தா, சீக்கிரம்!"

அவள் காய்ச்சினாள். கை பாட்டுக்குக் காய்ச்சியது. சட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். கார் உறுமிக்கொண்டு நின்றது. ஹில்யாவைப் பின்னால் படுக்கவைத்திருந்தார்கள். அதே மெத்தை. தலை அந்த இரும்பு மூடிப் பக்கம்.

"அம்மாடி, என்ன சொகம்!" என்றாள் ஹில்யா வலிக்கு நடுவே. "சவுனாவேதான்."

சைமாவின் கையிலிருந்து சட்டி விழுந்தது. பசை பனியில் கொட்டி ஆவி பறந்தது. அவள் கதவைப் பிடித்து இழுத்துத் திறந்து, உள்ளே பாய்ந்து, ஒட்டியிருந்த பட்டைகளை நகத்தால் கிழிக்க ஆரம்பித்தாள்.

"ஏய், பைத்தியமா?" என்று ஓஸ்கரி கத்தினான். அர்வோ வந்து அவள் தோளைப் பிடித்தான். "சைமா, என்ன பண்ற? சைமா!"

"தணலு நீலமா எரியறப்போ புகவழிய மூடினா என்ன ஆகும், அர்வோ?"

"அதுக்கும் இதுக்கும்..."

"நான்தான் குளிப்பாட்டினேன். செவப்பா இருந்தா. நகமெல்லாம் செவப்பா இருந்தா. நீ தெறந்ததுதான் சரி. மூடு மூடுன்னது நான்."

அவன் கை அவள் தோளிலிருந்து நழுவியது. அவன் இரும்பு மூடியைப் பார்த்தான். தரைப்பலகையைப் பார்த்தான். பட்டறைக்காரன், அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்போ அவ தூங்கல" என்றான்.

சைமா மிச்சப் பட்டையைக் கிழித்தாள்.

"தூங்கிட்டான்னு சந்தோஷப்பட்டமே, சைமா."

ஹில்யா வலியில் அலறினாள். அந்த அலறல்தான் அவர்களை அசைத்தது. அர்வோ காருக்கு அடியில் புகுந்து, சூட்டுக் கையுறையோடு குழாயைப் பிடுங்கி இழுத்து முற்றத்தில் எறிந்தான். இரும்பு மூடியில் கந்தலை அடைத்தான். ஓஸ்கரி ஒன்றும் புரியாமல், ஆனால் சொன்னதைச் செய்தான். குளியலுக்கென்று காலையிலேயே மூட்டிவைத்திருந்த சவுனா அடுப்பிலிருந்து கற்களை எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து ஹில்யாவைச் சுற்றி அடுக்கினான். சைமா வீட்டிலிருந்த கம்பளி அத்தனையையும் மேலே போட்டாள், தைமியின் கம்பளியையும் போட்டாள். கடைசியாக அர்வோ முன்கண்ணாடியை முழுசாகத் தள்ளித் திறந்தான்.

கார் கிளம்பியது. கிளம்பினதும் காற்று நேராக உள்ளே புகுந்திருக்கவேண்டும். "அட கொலகாரப் பாவிகளா!" என்று ஹில்யாவின் குரல் வெடித்தது. "கொல்றீங்களேடா என்ன! கண்ணாடியை மூடு! அர்வோ, நீ நாசமாப் போக, கண்ணாடியை மூடுடா!"

அர்வோ மூடவில்லை. பாதை வளைவில் கார் மறைந்த பிறகும் அந்தத் திட்டு கேட்டது. அர்வோவைத் திட்டினாள், ஓஸ்கரியைத் திட்டினாள், காரை விற்றவனைத் திட்டினாள், சைமாவையும் பேர் சொல்லித் திட்டினாள். பிர்ச் மரங்களுக்கு நடுவே குரல் சிறுத்துக்கொண்டே போயிற்று.

விரலில் ஒட்டியிருந்த பசை விறைத்துப்போனது. சைமா கையைத் துடைக்கவில்லை. திட்டு, ஹில்யா, நிறுத்தாமல் திட்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, அந்தக் குரல் கேட்கிற வரைக்கும் முற்றத்திலேயே நின்றாள்.